ஒரு பந்தயம், நான்கு சாட்சிகள்: கார் பந்தய வரலாற்றைப் படங்களிலும் புத்தகங்களிலும் ரசிக்க முழுமையான வழிகாட்டி

கார் பந்தயப் படம் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு, "இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?" என்று போனில் தேடியிருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு பத்தி படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பந்தய வரலாற்றின் உண்மையான ருசி அந்தத் தேடலுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நான் சொல்லும் வழி எளிது. ஏதாவது ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய படம், அதைப் பற்றிய புத்தகம், அந்த நாளின் முடிவுப் பட்டியல், அன்று எடுத்த பழைய காட்சிகள் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே கதையைச் சொல்லாது. எங்கே முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்று பார்க்கும்போது ஓட்டுநர்களும் பொறியாளர்களும் முதலாளிகளும் நிஜ மனிதர்களாகத் தெரிய ஆரம்பிப்பார்கள்.

முதல் படி: ஒரே ஒரு வாசலைத் தேர்ந்தெடுங்கள்

1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு ஓடிய வண்டிகளில் தொடங்கி இன்றுவரை வரிசையாக வரலாம் என்று நினைக்காதீர்கள். பெயரும் வருடமும் மண்டைக்குள் குழம்பி, 1930களைத் தொடுவதற்குள் அலுத்துவிடும். நடுவில் எங்காவது குதித்து, அங்கிருந்து முன்னும் பின்னும் போவதே நல்லது.

நான் பரிந்துரைக்கும் வாசல்கள்: 1955 மில்லெ மிலியா (இத்தாலியின் சாலைப் பந்தயம்), 1966 லெ மான் (பிரான்சின் 24 மணி நேரப் பந்தயம்), 1976 ஃபார்முலா ஒன் சீசன், 1994 இமோலா (அயர்டன் சென்னா இறந்த இத்தாலியப் பந்தயம்). புதிதாக வருபவர் என்றால் யோசிக்காமல் 1976-ஐ எடுங்கள். படம் இருக்கிறது, சம்பந்தப்பட்டவரே எழுதிய புத்தகம் இருக்கிறது, வண்ணக் காட்சிகள் இருக்கின்றன. முடிவோ ஒரே ஒரு புள்ளியில் தீர்ந்தது.

இரண்டாம் படி: மூன்று வகைப் பந்தயம், அவ்வளவு போதும்

இன்ஜின் நுட்பம் எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை. எந்த வகைப் பந்தயம் என்று தெரிந்தால் போதும். கிராண்ட் பிரீ என்பது மூடிய சாலையில் அல்லது தடத்தில், எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பி, சுமார் 300 கிலோமீட்டரை முதலில் முடிப்பவர் ஜெயிப்பது. லெ மான் மாதிரியான 24 மணி நேரப் பந்தயத்தில் தூரம்தான் கணக்கு. குறித்த நேரத்துக்குள் யார் அதிக தூரம் ஓடினார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு வண்டியை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். மில்லெ மிலியா போன்ற பழைய சாலைப் பந்தயங்களில் வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். முன்னால் போகிறவர் ஜெயிக்கிறார் என்று அர்த்தமில்லை, கடிகாரம்தான் தீர்மானிக்கும்.

மூன்றாம் படி: 1976-ஐ நான்கு பக்கமும் பாருங்கள்

முதலில் ரான் ஹோவர்டு இயக்கிய 'ரஷ்' (2013). எதையும் படிக்காமல் உட்கார்ந்து பாருங்கள். ஆஸ்திரியாவின் நிகி லாடா ஃபெராரியில், இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட் மெக்லாரனில். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் லாடாவின் கார் மோதித் தீப்பிடிக்கிறது. ஆறே வாரத்தில், செப்டம்பர் 12 அன்று, முகக் காயம் ஆறாத நிலையில் இத்தாலியின் மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வருகிறார். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பகுதி முழுக்க நடந்தது.

அடுத்து ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். அந்த வருடத்தின் 16 பந்தயங்களையும் வரிசையாக எழுதி, இருவருக்கும் கிடைத்த புள்ளிகளைக் குறியுங்கள். அப்போது வெற்றிக்கு 9, அடுத்த இடங்களுக்கு 6, 4, 3, 2, 1. அரை மணி நேர வேலைதான். ஆனால் எழுதும்போது படத்தில் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோன விஷயங்கள் எழுந்து நிற்கும். ஸ்பெயினில் ஹன்ட்டின் கார் அனுமதித்த அகலத்தைவிட 1.8 சென்டிமீட்டர் கூடுதல் என்று வெற்றியைப் பறித்தார்கள், மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் அவர் ஜெயித்ததை இரண்டு மாதம் கழித்துச் செல்லாதென்று சொல்லி லாடாவுக்குக் கொடுத்தார்கள். விபத்துக்குப் பிறகு லாடா தவறவிட்டது இரண்டே பந்தயங்கள். கடைசிக் கணக்கு, ஹன்ட் 69, லாடா 68. மேசையில் எடுத்த முடிவுகளும் தடத்தில் ஓட்டியதும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை அந்தத் தாள் காட்டும் அளவுக்குப் படம் காட்டாது.

பிறகு லாடாவின் சொந்த வார்த்தைகள். 1980களில் வந்த அவருடைய சுயசரிதையின் ஆங்கிலப் பதிப்பு 'டு ஹெல் அண்ட் பேக்'. தன்னைப் பற்றியே ஈவிரக்கமில்லாமல் பேசும் மனிதர் அவர். ஜப்பானின் ஃபூஜியில் நடந்த கடைசிப் பந்தயத்தைக் கவனித்துப் படியுங்கள். கொட்டும் மழை, மூடுபனி. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு லாடா காரை நிறுத்திவிடுகிறார். இன்ஜின் கோளாறு என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம் என ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி முன்வருகிறார். லாடா மறுத்துவிடுகிறார். ஓட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான் என்றே சொல்கிறார். உலகப் பட்டம் ஒரு புள்ளியில் போனது. என்னைக் கேட்டால் மோன்சாவுக்குத் திரும்பியதைவிட இதுதான் பெரிய துணிச்சல்.

கடைசியாகப் பழைய காட்சிகள். நூர்பர்க்ரிங் அப்போது ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளம், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் தடம். ஒரு மூலையில் நடப்பது அடுத்த மூலைக்குத் தெரியாது. லாடாவைத் தீக்குள்ளிருந்து இழுத்தவர்கள் மீட்புப் பணியாளர்கள் அல்ல. பின்னால் வந்த சக ஓட்டுநர்கள்: அர்துரோ மெர்சாரியோ, கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல். அந்த நான்கு பேர் ஏன் ஓட வேண்டியிருந்தது என்பது தடத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். பந்தயத்துக்கு முன்பே இந்தத் தடம் ஆபத்தானது, ஓட்ட வேண்டாம் என்று சொன்னவரும் லாடாதான். வாக்கெடுப்பில் தோற்றுப்போனார். அந்த நீளத் தடத்தில் அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் நடக்கவேயில்லை.

இத்தனையும் முடித்துவிட்டு 'ரஷ்' படத்தை மறுபடி பாருங்கள். ஹன்ட் ஒரு பத்திரிகையாளரை அடிக்கும் காட்சி கற்பனை என்று இப்போது தெரியும். இருவரும் ஜென்மப் பகைவர்கள் மாதிரி காட்டியிருப்பதும் மிகை, நிஜத்தில் நெடுநாள் நண்பர்கள். தெரிந்த பிறகு படம் சின்னதாகிவிடாது. இயக்குநர் எதை எதற்காக மாற்றினார் என்று பார்ப்பது தனி ரசனை.

நான்காம் படி: படத்தோடு வாதாடப் பழகுங்கள்

அதற்கு மிகப் பொருத்தமான படம் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' (2019). படத்தொகுப்புக்கும் ஒலித்தொகுப்புக்கும் ஆஸ்கர் வாங்கிய படம், இரண்டும் தகும். கதை 1966 லெ மான். பணம் கொட்டிக்கிடக்கும் அமெரிக்க கம்பெனி, இத்தாலியின் ஃபெராரியைத் தோற்கடிக்கக் கிளம்புகிறது. நடுவில் ஃபோர்டுக்காக வேலை செய்த கார் வடிவமைப்பாளர் கரோல் ஷெல்பியும், கார் சோதனையில் கைதேர்ந்த ஓட்டுநர் கென் மைல்ஸும்.

படத்தைப் பார்த்து முடித்ததும் சரிபார்க்க வேண்டியவை சில. மைல்ஸை 1965-ல் லெ மானுக்கு அழைத்துப்போகவில்லை என்று படம் சொல்கிறது. உண்மையில் அந்த வருடம் புரூஸ் மெக்லாரன் என்ற ஓட்டுநரோடு சேர்ந்து அங்கே ஓட்டினார், கார் பாதியில் நின்றுவிட்டது. 1966 பந்தயத்தில் என்ஸோ ஃபெராரி அமர்ந்து பார்ப்பதாகக் காட்டுகிறார்கள், அவர் அங்கே வரவேயில்லை. ஃபெராரியோடு கடைசிவரை முட்டி மோதுவதாகப் படத்தில் தோன்றும். முடிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று இடமும் ஃபோர்டு. ஃபெராரியின் முன்னணி வண்டிகளான 330 பி3 ஒன்றுகூட முடிக்கவில்லை. எட்டாவதாக ஒரு சாதாரண 275 ஜிடிபி வந்திருக்கும்.

ஆனால் முடிவுக் கோட்டில் நடந்த அந்த அநியாயமான திருப்பம் உண்மை. மூன்று ஃபோர்டுகளும் சேர்ந்து வந்தால் புகைப்படம் அழகாக இருக்கும் என்று மேலிடம் விரும்பியது. முன்னால் இருந்த மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே வந்தாலும், மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்று கிளம்பியதால் அதிக தூரம் ஓடியது என்று அதற்கே வெற்றி. தூரம்தான் கணக்கு என்று மேலே சொன்னது இங்கேதான் உறைக்கும். அந்த வருடம் டேடோனா 24 மணி நேரமும் செப்ரிங் 12 மணி நேரமும் ஏற்கெனவே மைல்ஸ் கையில். லெ மானும் சேர்ந்திருந்தால் மூன்றும் அவருடையது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 17 அன்று, கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் புதிய காரைச் சோதிக்கும்போது இறந்துபோனார்.

இதே பந்தயத்துக்கு ஏ. ஜே. பெய்மின் 'கோ லைக் ஹெல்' (2009) நல்ல புத்தகம். படத்தில் வில்லனாகிப்போன கம்பெனி ஆட்களின் பக்கத்து நியாயம் கொஞ்சமாவது அதில் தெரியும்.

ஐந்தாம் படி: பழைய படங்களைக் காதாலும் பாருங்கள்

ஜான் ஃபிராங்கன்ஹைமரின் 'கிராண்ட் பிரீ' (1966) மூன்று மணி நேரம் ஓடும். காதல் பகுதிகள் இழுவை, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் பந்தயக் காட்சிகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். 1966 சீசன் நடக்கும்போதே நிஜத் தடங்களில் எடுத்தது. 1961 உலக சாம்பியன் ஃபில் ஹில் கேமரா பொருத்திய காரை ஓட்டினார். மோன்சாவின் சுவர் போல எழும்பும் சாய்வு வளைவில் கார்கள் ஏறும் காட்சியைப் போனில் பார்த்தால் பாவம். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் போடுங்கள்.

ஸ்டீவ் மெக்குவீனின் 'லெ மான்' (1971) வேறு மாதிரி. முதல் அரை மணி நேரத்தில் பேச்சு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கூடாரங்களில் தூங்கி எழும் ரசிகர்கள், அறிவிப்பாளரின் குரல், தயாராகும் ஓட்டுநர்கள். கதை எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்தப் படம் பிடிக்காது. அந்த வார இறுதிதான் கதை என்று ஒப்புக்கொண்டால் இதற்கு ஈடான பந்தயப் படம் இல்லை. 1970-ன் உண்மையான பந்தயத்தில், கேமராக்கள் பொருத்திய போர்ஷே 908 ஒன்றை மற்ற கார்களோடு சேர்த்தே ஓடவிட்டார்கள். படப்பிடிப்பு விபத்தில் டேவிட் பைப்பர் என்ற ஓட்டுநர் காலின் ஒரு பகுதியை இழந்தார்.

அதில் தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். கடிகாரம் நான்கு மணியை நெருங்குகிறது. ஓட்டுநர்கள் ஏற்கெனவே காருக்குள், பெல்ட் இறுக்கியபடி. சத்தம் அடங்கி இதயத்துடிப்பு மட்டும் கேட்கிறது. இதன் பின்கதை தெரிந்தால் காட்சி இரட்டிப்பாகும். அதற்கு முந்தைய வருடம்வரை ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிவந்து காரில் குதித்துக் கிளம்புவார்கள். அவசரத்தில் பெல்ட் போட நேரமிருக்காது. 1969-ல் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து, எல்லோரும் ஓட, தான் மட்டும் நிதானமாக நடந்துபோய், பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்பவர் பெல்ட் இல்லாமல் இறந்தார். 24 மணி நேரம் கழித்து இக்ஸ் சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தார்! அடுத்த வருடம் அந்த ஓட்டத் தொடக்கம் கைவிடப்பட்டது. படத்தில் நீங்கள் பார்ப்பது அந்த மாற்றத்தின் முதல் வருடம்.

ஹெட்போன் போட்டுக் கேட்பது அவசியம். 'ரஷ்' படத்தில் லாடாவின் ஃபெராரி 12 சிலிண்டர், ஹன்ட்டின் மெக்லாரனில் இருந்தது 8 சிலிண்டர் காஸ்வொர்த் இன்ஜின். ஃபெராரி வழவழவென்று உயரப் போய்க் கத்தும், காஸ்வொர்த் கரகரப்பாகக் குரைக்கும். இரண்டு மூன்று தடவை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம்.

ஆறாம் படி: வரைபடத்தை விரித்துவைத்துப் படியுங்கள்

படமே இல்லாத, ஆனால் எழுத்தில் உச்சத்தைத் தொட்ட பந்தயம் ஒன்று உண்டு. 1955 மே 1, மில்லெ மிலியா. இத்தாலியின் பிரெஷியாவில் கிளம்பி, ரோம்வரை போய், மறுபடி பிரெஷியாவுக்கே திரும்ப வேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், தாடி வைத்த சின்ன உருவப் பத்திரிகையாளர். 1949-ல் சைட்கார் பந்தயத்தில் பயணியாக இருந்து உலகப் பட்டம் பெற்றவர் என்பதால் வேகம் அவருக்குப் புதிதில்லை.

முன்கூட்டியே பாதை முழுக்க ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ரயில்வே கேட்டையும் குறித்து, அதை ஐந்து மீட்டருக்கும் நீளமான காகிதச் சுருளாக்கினார்கள். சுருளை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து, ஜென்கின்சன் உருட்டி உருட்டிப் படிப்பார். இன்ஜின் இரைச்சலில் பேச முடியாது, அதனால் கைச்சைகைதான். மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை நேராகப் போகிறது என்று கை காட்டினால், மாஸ் கண்ணுக்குத் தெரியாத சாலையை நம்பி முழு வேகத்தில் ஏறுவார். வழியில் ஜென்கின்சன் வாந்தியெடுக்க வெளியே சாய்ந்தபோது மூக்குக்கண்ணாடியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. கையோடு இன்னொன்று வைத்திருந்தார். காரின் எண் 722. காலை 7:22-க்குக் கிளம்பியதால் அந்த எண். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் திரும்பிவந்தார்கள். இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோவைவிட அரை மணி நேரத்துக்கு மேல் முன்னால்.

இதை அவரே 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையின் 1955 ஜூன் இதழில் எழுதினார். பந்தயம் பற்றி எழுதியதில் இதைவிட நல்லதை நான் படித்ததில்லை. படிக்கும்போது இத்தாலி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெரோனா, பாதுவா, ரவென்னா, கடலோரமாக பெஸ்காரா, மலையேறி லாக்விலா, ரோம், சியெனா, ஃபிளாரன்ஸ், ஃபூத்தா கணவாய், போலோன்யா. விரலை வைத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் ஏன் பயந்தார்கள் என்று புரியும்.

ஏழாம் படி: ஒருதலைப் பட்சத்தை அடையாளம் காணுங்கள்

ஓட்டுநர்களின் சுயசரிதை எதுவும் நடுநிலை இல்லை. ஆவணப்படங்களும் அப்படித்தான். பிரேசிலின் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்டன் சென்னாவைப் பற்றிய, ஆசிஃப் கபாடியாவின் 'சென்னா' (2010) முழுக்கப் பழைய காட்சிகளால் தைத்தது. பேசுபவர்களின் முகமே தெரியாது, குரல் மட்டும் வரும். அதனால் நாம் அந்தக் காலத்திலேயே இருப்பது போல ஒரு நெருக்கம். அந்த நெருக்கத்தில் சென்னாவின் போட்டியாளரான அலைன் புரோஸ்ட் கிட்டத்தட்ட கெட்டவராகிவிடுகிறார். 1989-ல் ஜப்பானின் சுசூகாவில் இருவரும் மோதிக்கொண்டதையும், 1990-ல் அதே தடத்தின் முதல் வளைவில் மீண்டும் மோதியதையும் தனியாகத் தேடிப் பாருங்கள். இரண்டாவது மோதல் வேண்டுமென்றே செய்தது என்று மறுவருடம் சென்னாவே ஒப்புக்கொண்டார். பிறகு படத்துக்குத் திரும்பினால் இருவர் மேலும் மரியாதை கூடும்.

1994 இமோலாவுக்கு, அந்தக் கால ஃபார்முலா ஒன் மருத்துவர் சிட் வாட்கின்ஸின் 'லைஃப் அட் தி லிமிட்' புத்தகத்தைச் சேர்த்துப் படியுங்கள். ஏப்ரல் 30 அன்று அங்கே ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஓட்டுநர் இறந்த பிறகு, பந்தயத்தையே விட்டுவிடு, மீன்பிடிக்கப் போகலாம் வா என்று சென்னாவிடம் சொன்னவர் அவர். மறுநாள் பந்தயத்தில் உயிரைப் பறித்த விபத்தில் சிக்கிய சென்னாவுக்குச் சிகிச்சை தர ஓடியவரும் அவரே.

எட்டாம் படி: சாவை எப்படிக் கையாள்வது

இந்த வரலாற்றில் சாவைத் தவிர்க்க முடியாது. 1955 லெ மானில் ஒரு மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடைசெய்தது. 1957 மில்லெ மிலியாவில் குய்டிட்சோலோ ஊருக்கருகே ஒரு ஃபெராரி சாலையோரம் நின்றவர்கள்மேல் பாய்ந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேரும், காரில் இருந்த இருவரும் இறந்தார்கள். மைக்கேல் மன்னின் 'ஃபெராரி' (2023) அதைக் கண்ணைத் திருப்ப விடாமல் காட்டுகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படமில்லை.

என் பழக்கம் இது: விபத்துக் காட்சிகளை இணையத்தில் தேடிப் பார்ப்பதில்லை, அதற்குப் பதில் விபத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று படிப்பேன். தடுப்புச்சுவர், தீப்பிடிக்காத உடை, தடத்திலேயே மருத்துவர், காரின் உயிர்காப்புக் கூடு என ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர் இருக்கும். '1: லைஃப் ஆன் தி லிமிட்' (2013) என்ற ஆவணப்படம் இந்த மாற்றங்களைத்தான் பின்தொடர்கிறது. ஜாக்கி ஸ்டூவர்ட் போன்ற ஓட்டுநர்கள் பாதுகாப்புக்காகப் போராடியபோது அவர்களைக் கோழைகள் என்றவர்கள் உண்டு. அதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் பழைய பந்தயக் காட்சிகளில் காரைவிட ஓரத்தில் நிற்கும் மனிதர்கள்மேல் கண் போகும்.

அடுத்து எங்கே போவது

நான்கு வாசல்களில் இரண்டை முடித்த பிறகு, உங்களுக்கு எது பிடித்தது என்று தெரிந்துவிடும். இயந்திரம் பிடித்திருந்தால் ஏட்ரியன் நியூவியின் 'ஹவ் டு பில்ட் எ கார்' (2017). ஒவ்வொரு பகுதியும் அவர் வடிவமைத்த ஒரு காரைச் சுற்றி. மனிதர்கள் பிடித்திருந்தால் போருக்கு முந்தைய காலத்துக்குப் போங்கள். 1929-ல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை ஜெயித்த வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ், பிறகு நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்சில் பிரிட்டிஷ் ரகசிய உளவாளியாக வேலை செய்து, வதை முகாமில் கொல்லப்பட்டவர். பெண் ஓட்டுநர்களைப் பற்றிப் படங்கள் மிகக் குறைவு, அதனால் புத்தகம்தான் கதி. புகாட்டி ஓட்டிய ஹெல்லே நைஸ் பற்றி மிராண்டா சீமோர் எழுதிய 'தி புகாட்டி குயீன்' அருமையான தொடக்கம்.

நம் பக்கத்திலும் ஒரு வாசல் திறந்துகிடக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடந்தன. கோவையின் கரிவர்தன் போன்றவர்கள் அங்கே ஓட்டினார்கள், பந்தயக் கார்களைத் தாங்களே கட்டினார்கள். பின்னாளில் அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தெரிந்த பெரியவர் யாராவது சோழவரம் போனதாகச் சொன்னால், பழைய புகைப்படங்களை எடுத்துவரச் சொல்லி, போனில் குரலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். எந்த வருடம், யார் ஜெயித்தார், எந்தக் கார் என்பதைப் பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிடுங்கள். 1976-க்குப் போட்ட அதே தாள், அதே பேனா போதும்.